ஒரு கட்டைவிரல் இடம்

சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பில் பதினொரு கட்டளைகள் இருக்கின்றன. எழுதியவனுக்கு ஜனங்களோடு பேசத் தெரியாது. பாதங்களைத் தினந்தோறும் பரிசோதிக்கவும். வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்கவும். விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கவும். கால் ஆணியை பிளேடால் சுயமாக வெட்டுவதைத் தவிர்க்கவும். தவிர்க்கவும், துடைக்கவும், அணுகவும், எல்லாம் தாசில்தார் பாஷை. நான் எழுதியிருந்தால் நாலே வரி. முப்பத்தெட்டு வருஷம் துண்டறிக்கை எழுதினவன் நான், ஒரு பக்கத்தைத் தாண்டினால் தொழிலாளி அதில் வேர்க்கடலைதான் மடிப்பான் என்று தெரிந்தவன். தோழனே, உன் முகத்தை நீ தினம் கண்ணாடியில் பார்க்கிறாய், உன்னைச் சுமக்கிறவனை என்றைக்குப் பார்த்தாய்? இப்படித் தொடங்கியிருப்பேன். தொடங்கியிருப்பேன், ஆனால் நான் பார்த்தேனா? என் வலது கால் எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது, வாலன்டினா நேற்று கட்டிவிட்ட வெள்ளைத் துணியோடு. அது என்னுடையது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கண்ணை மூடினால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, யாரோ வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது போல. அப்படி நினைக்கக் கூடாது. இன்று டாக்டரம்மா சொல்லப்போவதும் அதுவாக இருக்கலாம். செவ்வாய்க்கிழமை கால் நோயாளிகளுக்கான நாள், என் சீட்டு முப்பத்தொன்று, உள்ளே பத்தொன்பது போயிருக்கிறது. ஒரு வாசனை வருகிறது. பதினாறு வயதிலிருந்து தோல்ஷாப்பில் கிடந்தவன் மூக்கு இது, பச்சைத் தோல் கெடத் தொடங்கினால் மேஸ்திரிக்கு முன்னால் எனக்குத் தெரியும், உப்பு பற்றாத இடத்தில் முதலில் ஒரு இனிப்பு வாடை வரும், பிறகுதான் நாற்றம். இப்போது அந்த இனிப்பு வாடை. பெஞ்சில் ஆறு பேர் இருக்கிறோம், பன்னிரண்டு கால்கள், இல்லை பதினொன்று, கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுதான். வாடை அவரிடமிருந்து வரவில்லை. அவருடையது ஆறிப்போனது.

வாலன்டினா என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்குகிறாள். நாற்பத்தொரு வயது, ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, இன்று அரைநாள் லீவு, அந்த அரைநாளை எப்படிக் கேட்டு வாங்கினாள் என்று சொல்லவில்லை. என் மகளுக்கு விண்வெளிக்குப் போனவள் பெயரை வைத்தேன், அவள் குனிந்து தைக்கிறாள். எல்லோரும் இந்த வெயிலில் செருப்பு போட்டிருக்க அவள் மட்டும் கேன்வாஸ் ஷூ. இடது ஷூவின் முனைக்குள் பஞ்சு வைத்து அடைத்திருப்பாள். அதைப் பார்க்க வேண்டாம். அறிவிப்பைப் பார்க்கலாம். வெறுங்காலுடன் நடப்பதை. இரண்டு மாதம் முன்னால் இதே கூடத்தில் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கொடுக்க வந்தார்கள், எம்.சி.ஆர். செருப்பு, மெத்தென்று இருக்கும், என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் கொடுப்பது. உள்பக்கம் குதிகால் படுகிற இடத்தில் பெரிய கம்பெனியின் அறக்கட்டளை முத்திரை. அந்தக் கம்பெனியின் வாசலில் நான் அறுபத்துமூன்று நாள் உட்கார்ந்தவன். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்பதை நான் சுருக்கமாகச் சொல்லிப் பழகியவன் இல்லை, கால்மணி நேரம் பேசினேன், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பெரியவர் ஒருவர் கைகூடத் தட்டினார். என் டயர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனேன். அப்புறம் மே தின ஊர்வலம். பேனர் கட்டுகிற பையிலிருந்து ஒரு டிராயிங் பின் என் செருப்புக்குள் விழுந்திருக்கிறது, முனை மேலே பார்க்க. அதன்மேல் காலை வைத்து நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரை முழக்கம் போட்டுக்கொண்டு நடந்தேன். கொஞ்சம்கூடத் தெரியவில்லை. வீட்டில் வாலன்டினாதான் கேட்டாள், "நைனா, தரையெல்லாம் இன்னா இது செவப்பா?" நான் பெயிண்ட் என்றேன். பெயிண்ட் என்றுதான் நினைத்தேன்.

"இன்னா தலைவரே, இங்கயும் தர்ணாவா?" கோதண்டம். என் வயசுக்காரன், சுண்ணாம்புக் குழியில் இருபத்தாறு வருஷம் இறங்கினவன், சங்கத்துக்குச் சந்தா மட்டும் ஒழுங்காகக் கட்டி கூட்டத்துக்கு ஒழுங்காக வராமல் இருந்தவன். கம்பை ஊன்றி வந்து எனக்கும் ஒற்றைக்கால் பெரியவருக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டான். காலில் அந்த முத்திரைச் செருப்பு. நான் பார்ப்பதை அவனும் பார்த்தான். "பாக்காத தலைவரே, கண்ணு பட்ரும். பஞ்சு மாதிரி கீது. அவன் பேரு எங்க போட்டுக்கீறான் பாத்தியா? குதிகாலுக்குக் கீழ. தெனம் அவன மிதிச்சிக்கினு கக்கூசுக்குப் போறேன். இதவிட இன்னா போராட்டம் வேணும் உனுக்கு?" வாலன்டினா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்தேன். பத்தில் ஒன்றிலும் நகம் இல்லை. "நகம் வெட்ற வேல மிச்சம்," என்று அதற்கும் சிரிப்பான். சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த குழி, முழங்கால் வரை தண்ணீர், அதில் நின்றுகொண்டு தோலை இழுத்து இழுத்துப் போட வேண்டும். மயிர் கழல்வதற்காக ஊறப்போடுகிற தோல். மாட்டுக்குக் கழல்கிற மயிர் மனுஷனுக்குக் கழலாதா? முதலில் கால்மயிர் போகும், பிறகு நகம், பிறகு பாதத்தில் மிளகளவு குழி குழியாக விழும். சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக்கொள்வார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. நாங்கள் கேட்டது சம்பள உயர்வுகூட இல்லை. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், ஆளுக்கு ஒரு ஜோடி. அதற்கு அறுபத்துமூன்று நாள், நாலு பேர் ஜெயில், தோல்வி. ஒன்பது வருஷம் கழித்து வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் வந்து குழியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான், அடுத்த திங்கட்கிழமை பூட்ஸ் வந்தது. அவன் ஒரு வாக்கியம் சொன்னான், நான் இருநூறு துண்டறிக்கை எழுதினேன். இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. அந்த வாடை மறுபடியும் வருகிறது. கோதண்டம் வந்த பிறகு வருகிறதா, அதற்கு முன்பே இருந்ததா? முன்பே இருந்தது.

எதிர் ஸ்டூலில் ஹெலன் சிஸ்டர் ஒரு பெண்பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு ஆறு வயதிருக்கும், கட்டைவிரல் நகம் ஓரச் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்திருக்கிறது. அம்மா பக்கத்தில் பள்ளி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நகத்த ஓரத்துல வளைச்சு வெட்னியா?" "ஆமா சிஸ்டர், கூரா நிக்குதேன்னு." "அப்பிடித்தான் உள்ள இறங்கும். நேரா வெட்டு, ஓரத்தத் தொடாத. சாக்ஸ தெனம் தொவைக்கிறியா? ஷூ எப்ப வாங்குனது?" "போன வருஷம், இன்னும் புதுசாட்டம் கீது." "ஷூ புதுசாத்தான் கீது, கால் பழைய அளவாவே இருக்குமா? வளர்ற கால். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருவாட்டி நிக்கவெச்சிப் பாரு. இந்தா, இப்பிடி முன்னாடி அமுக்கு. விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவுல உன் கட்டைவிரல் அகலம் எடம் இருக்கணும். இருக்குதா? இல்ல. அதான் சீழ்." அந்தத் தாய் தன் கட்டைவிரலால் ஷூவின் முனையை அழுத்திப் பார்க்கிறாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். திருப்பினால் அறிவிப்பு. அறிவிப்பில் கீழ் வரிசையில் குழந்தையின் கால் படம். கட்டைவிரல். சரி, வேறு எதையாவது நினைக்கலாம். அந்த வருஷம் வேலைநிறுத்தம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள் முதலாளி ஒரு விழா வைத்தான். தொழிலாளர் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி ஷூ. பெரியவர்களுக்குப் பூட்ஸ் கேட்டால் குழந்தைகளுக்கு ஷூ. எங்களுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் வைத்தே கொடுத்துவிட்டான். வாலன்டினாவுக்கு ஏழு வயது, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலம் சங்கம் கூடியது, தீர்மானம் நான் எழுதினேன், பிச்சையை மறுப்போம், உரிமையைப் பெறுவோம். மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழந்தைகளே வரிசையாகப் போய் கம்பெனி வாசலில் பெட்டிகளை வைத்துவிட்டு வர வேண்டும். முதல் பெட்டி என் மகளுடையது. தலைவன் பிள்ளை முன்னால் போனால்தான் மற்றவன் பிள்ளை போகும். எண்பத்துநாலு பெட்டி, ஒரு சின்ன மலை, அதைப் போட்டோ எடுத்து அச்சடித்தோம், மாநிலம் முழுக்கப் போனது. அந்த மலையின் உச்சியில் இருக்கிற பெட்டியை நான் இன்றைக்கும் அடையாளம் சொல்வேன். முதல்நாள் ராத்திரி அவள் அதை வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள், சிமெண்ட் தரையில் டக் டக் என்று, நான் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்து, குனிந்து. சீட்டு இருபத்தெட்டு. கூப்பிடுகிறார்கள். இன்னும் மூன்று.

உள்ளே போகுமுன் நூல் பரிசோதனை. ஹெலன் சிஸ்டர் துணியைப் பிரிக்கிறார், அந்த இனிப்பு வாடை எழும்புகிறது. நான் கூரையைப் பார்க்கிறேன். இந்தக் கட்டடத்துக்கு அப்போது ஓட்டுக் கூரை. "கண்ண மூடிக்கோங்க ஐயா. நைலான் நூலால தொடுவேன். தொட்டா 'ம்' சொல்லுங்க, போதும்." மூடுகிறேன். எத்தனையோ விசாரணைகளைப் பார்த்தவன் நான். இரண்டு காலிலும் என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சிஸ்டரின் மூச்சு கேட்கிறது, ஒவ்வொரு தடவை குனியும்போதும் வளையல் ஸ்டூலில் இடிக்கிறது. இடித்தால் தொடுகிறார் என்று பொருள். வளையல், ம். வளையல், ம். நன்றாகப் போகிறது. வளையல், ம். "ஐயா, இப்ப நான் தொடவே இல்ல, பேனாவ எடுத்தேன்." பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் எத்தனை தடவை தொட்டாரோ. கண்ணைத் திறந்தபோது வாலன்டினா என் காலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் அவள் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நான் அவளை இப்படித்தான் பார்ப்பேன். அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு மழை. தோல்ஷாப்புக் கழிவு வாய்க்கால் பொங்கிப் பள்ளிக்கூடத்துப் பாதையில் ஓடியது, நீலமும் பழுப்புமாக. அதில் வெறுங்காலோடு தினம் போய்வந்தவளுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். நான் அப்போது ஜெயிலில் பதினைந்து நாள். மனு போட்டு என்னைப் பார்க்க அவள் அம்மா பச்சையம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளையிடம் ஏன் சாய்ந்து நிற்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல நைனா, சும்மா." நானும், தலைவன் மகள் என்றால் இவள்தான் என்று தட்டிக்கொடுத்தேன். நான் வெளியே வந்தபோது அவள் இடது காலில் இரண்டு விரல் கறுத்திருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டிருந்தாள் பச்சையம்மா, மஞ்சளுக்குக் கீழே கறுப்பு. இதே கட்டடத்தில்தான் எடுத்தார்கள். குற்றவாளி யார்? கழிவை வாய்க்காலில் விட்டவன் குற்றவாளி. இதை நான் எழுதினேன், அச்சடித்தேன், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முப்பத்துநாலு வருஷமாக அதில் பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. அப்படியும் அந்தத் துண்டறிக்கை எனக்குப் போதவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு கம்பியைப் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். வாலன்டினா முகத்தை இறுக்கிக்கொண்டாள், நான் ஜன்னலில் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் காலிலோ கம்பி போகிறது. "இன்னும் எலும்பத் தொடல. நூலிழை பாக்கி. ஆறு வாரம் கால ஊனாம உக்காரணும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும். கட்டுக்குத் தகுந்த மாதிரி எம்.சி.ஆர். குடுப்பாங்க, வீட்டுக்குள்ளகூட அது இல்லாம எழுந்திரிக்கக் கூடாது. போன தடவ நீங்க வாங்கிக்கலன்னு எழுதியிருக்கு. ஏன்?" நான் தொண்டையைச் சரிசெய்தேன். கால்மணி நேரத்துக்கான பேச்சு தயாராக இருந்தது. அவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதிக்கொண்டே சொன்னார், "போட்டா காலு மிஞ்சும். போடலன்னா மொதல்ல ரெண்டு விரல எடுக்கணும், அப்புறம் பாதம். மறுபடியும் வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க ஐயா, ஆபரேஷன் தேதி போட்டுட்றேன்." இரண்டு விரல். அந்த எண்ணிக்கையை அவர் தெரிந்து சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? வாலன்டினாதான் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

இப்போது செருப்பு கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் பெஞ்சு. உள்ளே யாரோ ரப்பரை வெட்டுகிற சத்தம். வாங்குவதா வேண்டாமா என்று நான் இன்னும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, என் காலைப் பொறுத்தவரை என் வாக்கு செல்லாமல் போய்விட்டது போல. கோதண்டம் கட்டு மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். "வாங்கிக்க தலைவரே. ரோசம் காலுக்குக் கீழ இருந்தா நடக்க முடியாது." நீ ரோசத்தைப் பற்றிப் பேசாதே என்றேன். எண்பத்துநாலு பெட்டியில் உன் பையன் பெட்டியும் ஒன்று, அன்றைக்கு உனக்கும் ரோசம் இருந்தது என்றேன். அவன் கம்பின் முனையால் தரையைத் தட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "இனிமே சொன்னா இன்னா, சங்கத்த உட்டு நீக்கவா போற? பெட்டி வாசலுக்கு வந்திச்சு. உள்ள செங்கல்லு." எனக்கு முதலில் புரியவில்லை. "அரச் செங்கல்லு ரெண்டு, பேப்பர் சுத்தி. ஷூவ எடுத்து அடுப்பு மேல பரண்ல ஒளிச்சி வெச்சேன். மழ வந்துச்சா, பையனுக்கு மாட்டி உட்டுட்டேன். எங்க தெருவுல பாதிப்பேர் செங்கல்லுதான் தலைவரே. போட்டோவுல கெத்தா நிக்குதே ஒரு மல, அதுல பாதி எங்க செவுரு." சொல்லிவிட்டுத்தான் வாலன்டினா பக்கத்தில் இருப்பது அவனுக்கு நினைவு வந்தது. அவள் ஷூவைப் பார்த்தான். கம்பைத் தட்டுவதை நிறுத்தினான். "சின்னப்பொண்ணு, நீ ஒண்ணும்…" என்று ஏதோ இழுத்தான். வாலன்டினா சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அட போ மாமா. எனுக்கு வந்தது சின்ன சைஸு. ஒரு நாளுக்கே விரலெல்லாம் நசுங்கிச்சி. நைனா திருப்பிக் குடுக்கலன்னாலும் நான் போட்டிருக்க முடியாது. எப்பிடியும் வெறுங்காலுதான்." சாதாரணமாகச் சொன்னாள், பஸ் நேரம் சொல்வதைப் போல. கோதண்டம் பெருமூச்சு விட்டான். "அப்பிடியா? கம்னாட்டிங்க, அளவுகூடப் பாக்காம வாங்கிக்கீறானுங்க," என்றான், விடுதலையாகி, எழுந்து போனான்.

சின்ன சைஸ். முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு தீர்ப்பு, நிரபராதி. இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆறு வாரம் காலை நீட்டிக்கொண்டு இதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கலாம், சின்ன சைஸ், நசுங்கியது, எப்படியும் வெறுங்கால். துண்டறிக்கைக்குப் போதுமான வாதம். ஆனால் கட்டைவிரல். அந்த ராத்திரி நான் அவளை முன்னால் நிற்கவைத்துக் குனிந்தேன். பகைவன் கொடுத்தது என்ன தரம் என்று பார்க்க வேண்டும், அதுதான் காரணம், தோல்காரன் புத்தி. மேல்தோலை மடித்துப் பார்த்தேன், நல்ல கன்றுத் தோல், எங்கள் குழியில் ஊறியதாகவே இருக்கலாம், கோதண்டம் நின்று இழுத்ததாகவே இருக்கலாம். தையலைப் பார்த்தேன். பிறகு முனையில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஏனென்றால் நான் சரி என்று சொன்னால் அது அவளுடையதாகிவிடும் என்று நினைத்தாள். என் கட்டைவிரல் இறங்கியது. விரலுக்கு முன்னால் சரியாக அந்த அகலம் இடம் இருந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை, யாரோ அவள் காலை அளந்து தைத்தது போல. எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் கழற்று என்றேன். அவள் கழற்றினாள், காகிதத்தில் சுற்றினாள், வந்தபடியே வைத்தாள். இந்தக் கையில் உணர்ச்சி இன்னும் நன்றாக இருக்கிறது.

ஜன்னலில் முப்பத்தொன்று என்கிறார்கள். வாலன்டினா போய் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்கிறாள். நீல வார், கறுப்பு அடி, குதிகாலில் முத்திரை. கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி அதில் வைக்கிறாள், வாரை இழுத்து ஒட்டுகிறாள். பிறகு தன் கட்டைவிரலை என் கால்விரல்களுக்கு முன்னால் படுக்கவைத்து அளந்து பார்க்கிறாள். "இறுக்கமா கீதா நைனா?" எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே எதுவும் இல்லை. "உன் ஷூ சரியாத்தான் இருந்துச்சி டினா," என்கிறேன். "நான் அமுக்கிப் பாத்தேன்." அவள் தலை நிமிரவில்லை. வாரைப் பிரித்து ஒரு இழை தளர்த்தி மறுபடி ஒட்டினாள்.

"தெரியும்," என்றாள். "அந்தக் காலக் குடு."